பழைய காரின் மங்கலான ஹெட்லைட்டைப் பிரகாசமாக்குவது: மலைப்பாதையில் ஓட்டுபவர்களுக்கு

கினிகத்தேனையில் ஏறத் தொடங்கி ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா தாண்டி நுவரெலியா போகும் வரை, இரவில் ஒரு காருக்கு ஹெட்லைட்டைப் போல முக்கியமான உறுப்பு பிரேக் ஒன்றுதான். முடக்குக்கு முடக்கு இருட்டு. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். பல இடங்களில் வெள்ளைக்கோடு மழையில் அழிந்திருக்கும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை மூடியே கிடந்ததால், இருபது முப்பது வயதான கொரோலாவும் சன்னியும் லான்சரும் மாருதி 800உம் டொல்பின் வேனும் இன்றும் இந்தப் பாதைகளில் ஓடுகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றின் லைட், புதிதாக வந்தபோது கொடுத்த வெளிச்சத்தில் பாதியைக்கூடக் கொடுப்பதில்லை.

லைட் மங்கல் என்றதும் எல்லோரும் முதலில் போவது 100 வாட் பல்ப் வாங்கத்தான், அல்லது எல்ஈடி மாற்றத்தான். இரண்டுமே தவறான தொடக்கம். வெளிச்சம் எங்கே தொலைகிறது என்று கண்டுபிடியுங்கள். வயரில், எர்த்தில் (மின்சாரம் காரின் உடல் தகடு வழியாகப் பட்டரிக்குத் திரும்பும் வழி), கண்ணாடியில், ரிஃப்ளெக்டரில், பல்ப் உட்காரும் விதத்தில், லைட் பார்க்கும் திசையில் என்று அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கும். கசிவை அடைத்தால் சாதாரண 60/55 வாட் எச்4 பல்பே போதும். (தூரத்துக்கான ஹை பீமும் கிட்டத்துக்கான டிப்பும் ஒன்றிலேயே உள்ள ஹலஜன் பல்ப் இது.)

இங்கே சொல்லும் அளவுகள் எச்4 பல்ப் போட்ட 12 வோல்ட் வாகனங்களுக்கானவை.

முதலில் அளந்து பாருங்கள்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். அதை டிசி 20 வோல்டில் வையுங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒருவரை உள்ளே உட்காரவைத்து, ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்துச் சுமார் 1500 ஆர்பிஎம்மில் பிடித்திருக்கச் சொல்லுங்கள். டிப் லைட்டைப் போடுங்கள். பட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தால் 13.8க்கும் 14.4க்கும் இடையில் காட்ட வேண்டும். 13.2க்குக் கீழே என்றால் கோளாறு லைட்டில் இல்லை. ஓல்டர்னேட்டர் பெல்ட் வழுக்குகிறதா, கார்பன் தேய்ந்துவிட்டதா, பட்டரி முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் மேலே எதைச் செய்தாலும் பயனில்லை.

அடுத்தது பல்ப் இருக்கும் இடம். பல்பைக் கழற்றிவிட்டு வெறும் ஹோல்டரில் அளக்கும் தவறைப் புதியவர்கள் எல்லோரும் செய்கிறார்கள். மின்சாரம் ஓடாதபோது எவ்வளவு இற்றுப்போன வயரும் முழு வோல்ட்டையும் காட்டும். பல்ப் மாட்டியே இருக்க வேண்டும், எரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஹோல்டரின் பின்பக்கம், வயர் உள்ளே போகும் துளை வழியாக ஒரு குண்டூசியை வயரோடு ஒட்டி மெதுவாக இறக்குங்கள். உள்ளே உலோகத்தில் முட்டுவது கைக்குத் தெரியும். டிப் வயரில் ஒரு ஊசி, பொது வயரில் (டிப், ஹை இரண்டுக்கும் சேர்ந்தது) இன்னொரு ஊசி. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இப்போது இரண்டு ஊசிகளுக்கும் இடையில் அளங்கள். பல்புக்கு உண்மையில் கிடைக்கும் வோல்ட் அதுதான்.

ஹலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட் குறையும் அதே விகிதத்தில் குறைவதில்லை. அதைவிட மிக வேகமாக விழும், ஏறத்தாழ வோல்ட்டின் 3.4ஆம் அடுக்கில். 13.2 வோல்டில் கிடைக்கும் வெளிச்சத்தை 100 என்று வைத்துக்கொண்டால், 12.5இல் 83, 11.9இல் 70, 11.2இல் வெறும் 57. பட்டரியில் 14 இருந்தும் பல்பில் 11.5 மட்டுமே காட்டும் பழைய கார்கள் ஏராளம். நிறமும் இதைச் சொல்லிவிடும். வெளிச்சம் வெள்ளையாக இல்லாமல் தேநீர் நிறத்தில் சுவரில் விழுந்தால் வோல்ட் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

பட்டரிக்கும் பல்புக்கும் இடையில் அரை வோல்ட் வரை குறைவது பரவாயில்லை. ஒரு வோல்டுக்கு மேல் தொலைந்தால் எந்தப் பக்கம் என்று பிரித்துப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பட்டரி நெகட்டிவில் வைத்து, மறுமுனையைப் பல்பின் எர்த் பக்க ஊசியில் வையுங்கள். 0.2க்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. மீதிக் குறைவு பொசிட்டிவ் பக்கத்தில்.

எர்த்

இது செலவே இல்லாத வேலை, பல கார்களில் பாதி நோய் இதிலேயே தீர்ந்துவிடும். ஹெட்லைட் வயர்க் கட்டிலிருந்து ஒரு கறுப்பு வயர் பிரிந்து வந்து, ரேடியேட்டர் பக்கத்துத் தகட்டில் ஒரு போல்ட்டில் முடியும். (சில கார்களில் அது வெள்ளையில் கறுப்புக்கோடு போட்டிருக்கும்.) நுவரெலியாப் பக்கத்து ஈரத்தில் அந்த போல்ட்டின் கீழ் துரு பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். போல்ட்டைக் கழற்றி, தகடு பளிச்சென்று தெரியும்வரை சாண்ட் பேப்பரால் தேயுங்கள். லக்கையும் (வயர் முனையில் உள்ள உலோக வளையம்) தேயுங்கள். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள். முதலில் பூசிவிட்டு இறுக்க வேண்டாம். பட்டரியிலிருந்து பொடிக்கும் (காரின் உடல்) என்ஜினுக்கும் போகும் தடித்த எர்த் வயர்களின் முனைகளையும் இதேபோலச் செய்யுங்கள்.

பல்பும் அது உட்காரும் இடமும்

பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் சாம்பல் படலம் இருந்தால் மாற்ற வேண்டும். இரு பக்கத்துப் பல்புகளையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய் சூட்டில் கருகி, அந்த இடத்தில் கண்ணாடி பலவீனமாகும். தொட்டுவிட்டால் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள்.

எச்4 பல்பின் விளிம்பில் மூன்று காதுகள் இருக்கும், மேலே இருப்பது மட்டும் அகலமானது. அது தனக்குரிய பள்ளத்தில் விழாமல், கம்பி கிளிப்பை அழுத்தி மூடிவிட்டால் பல்ப் எரியும். ஆனால் வெளிச்சம் மேகம் போலச் சிதறும். அவசரத்தில் பல்ப் மாற்றிய கார்களில் இதைப் பரவலாகக் காணலாம். கிளிப்பை மூடும் முன் பல்பை மெல்ல ஆட்டிப் பாருங்கள், அசையக் கூடாது.

பின்னால் மூடியிருக்கும் ரப்பர் மூடி வெடித்திருந்தால் மாற்றுங்கள். பனிமூட்டம் உள்ளே போவது அதன் வழியாகத்தான். ஆனால் லைட்டின் காற்றுத் துளைகளைச் சிலிக்கன் வைத்து அடைத்துவிடாதீர்கள். சூடாகி ஆறும்போது லைட் மூச்சுவிட வேண்டும். அடைத்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியே இருக்காது.

ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைக்கவே கூடாது. அது கண்ணாடி அல்ல. பிளாஸ்டிக் அல்லது தகட்டின் மேல் பூசிய மிக மெல்லிய அலுமினியப் படலம், ஒரு தடவை தேய்த்தாலே உரிந்து வரும். தூசி இருந்தால் லைட்டைக் கழற்றி, காய்ச்சி வடித்த நீரை (பட்டரிக்கு ஊற்றுவதுதான்) உள்ளே விட்டுக் குலுக்கி ஊற்றிவிட்டு, தலைகீழாக வைத்து வெயிலில் காயவையுங்கள். படலம் ஏற்கெனவே கறுத்தோ உரிந்தோ போயிருந்தால் எந்தப் பல்பும் எந்த வயரும் அதைக் காப்பாற்றாது. வேறு லைட்தான் வாங்க வேண்டும். வாங்கும்போது இடப்பக்கம் ஓடும் நாட்டுக்கான லைட்டா என்று பாருங்கள். ஜப்பான், இந்தியா, இங்கிலாந்து லைட்கள் சரியாக இருக்கும். ஐரோப்பிய அல்லது அமெரிக்க லைட், எதிரே வருபவரின் கண்ணுக்கு வெளிச்சத்தைத் தூக்கிவிடும்.

மஞ்சள் பூத்த முகப்பு

தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த பல கார்களின் லைட் முகப்பு பொலிகார்பனேட் பிளாஸ்டிக். உயரம் கூடக்கூட வெயிலின் புறஊதாக் கதிரும் கூடும். 1800 மீட்டருக்கு மேல் இருக்கும் நுவரெலியாவில் குளிரினால் தெரியாவிட்டாலும் பிளாஸ்டிக் அதை வாங்கிக்கொள்கிறது. முகப்பு கண்ணாடியாக இருந்தால் இந்தப் பகுதியை விட்டுவிடலாம். நகத்தால் தட்டிப் பாருங்கள், சத்தமே சொல்லும்.

வேண்டியவை: 800, 1000, 1500, 2000 இலக்க வாட்டர் பேப்பர் ஒவ்வொன்றிலும் ஒரு தாள், மாஸ்கிங் டேப், யூவி தடுப்புள்ள கிளியர் கோட் ஸ்பிரே ஒரு டின், ஒரு வாளி தண்ணீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம். லைட்டைச் சுற்றியுள்ள பெயின்ட்டை மூன்று மடிப்பு டேப்பால் மூடுங்கள். 800ஆல் இடமிருந்து வலமாக மட்டும் தேயுங்கள். தண்ணீர் மஞ்சளாக ஓடுவது நிற்கும்வரை. பிறகு 1000ஆல் மேலிருந்து கீழாக மட்டும். இப்படி ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றினால், முந்தைய தாளின் கீறல் முழுதாகப் போய்விட்டதா என்று கண்ணுக்கே தெரியும். ஒரு கீறலை விட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போனால் அது கடைசிவரை கூடவே வரும். 2000 முடிந்ததும் முகப்பு பால் போல மங்கலாக இருக்கும். பயப்பட வேண்டாம், கிளியர் கோட் போட்டதும் அது மறைந்துவிடும்.

பற்பசையும் வெறும் பொலிஷும் பளபளப்பைத் தரும், சில மாதங்களில் மஞ்சள் திரும்பி வரும். பழைய பாதுகாப்புப் பூச்சை நீங்களே தேய்த்து எடுத்துவிட்டீர்கள், அதனால் புதிய பூச்சு கட்டாயம் வேண்டும். ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டு, 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து மெல்லிய பூச்சாக மூன்று தடவை, பத்து நிமிட இடைவெளியில் அடியுங்கள். இங்கே மலைநாட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பனி இறங்கிய பிறகு அல்லது மழைக்கு முன் அடித்தால் காற்றின் ஈரம் பூச்சில் சிக்கி முகப்பு வெளுத்துவிடும், முழு வேலையையும் திரும்பச் செய்ய நேரும். நல்ல வெயில் நாளில் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் முடியுங்கள். டின்னைச் சற்று நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்திவைத்தால் குளிரிலும் ஸ்பிரே சீராக வரும்.

ரிலே போடுதல்

பழைய கார்கள் பலவற்றில் லைட்டுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் பட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்குப் போய், சுவிட்சுக்குள் புகுந்து, டிப் சுவிட்சைக் கடந்து, மீண்டும் முன்னால் வருகிறது. இரண்டு பல்புக்கும் சேர்த்து 10, 11 ஆம்பியர். 0.75 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் 5 மீட்டர் ஓடினால் அதிலேயே 1.1 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். சுவிட்சிலும் கனெக்டர்களிலும் போவது தனி. அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் 0.4 வோல்ட்கூடப் போகாது. ரிலே செய்வது இதைத்தான்: பட்டரியிலிருந்து லைட்டுக்கு நேரே தடித்த வயரில் குறுக்குவழி, பழைய சுவிட்ச் வெறும் கட்டளை மட்டும் கொடுக்கும். சுவிட்சுக்கும் ஆயுள் கூடும்.

வாங்க வேண்டியவை: 12 வோல்ட் 30 ஆம்பியர் நான்கு கால் ரிலே இரண்டு, அவற்றுக்கு ஹோல்டர், மழை புகாத பியூஸ் ஹோல்டர் இரண்டு, 20 ஆம்பியர் பியூஸ் நான்கு, பீங்கான் எச்4 ஹோல்டர் இரண்டு, பழைய கனெக்டரில் செருக ஆண் எச்4 பிளக் ஒன்று, 2.5 சதுர மில்லிமீட்டர் ஓட்டோ வயர் சுமார் 12 மீட்டர், 1 சதுர மில்லிமீட்டர் வயர் 2 மீட்டர், லக்குகள், நெளிகுழாய். வீட்டு வயர் வேண்டாம். அதன் ஒற்றைக் கம்பி தோட்டத்துப் பாதையின் அதிர்வில் முறிந்துவிடும். தயார் நிலையில் விற்கும் ரிலே வயரிங் செட்டும் உண்டு, வேலை பாதியாகும். ஆனால் வாங்கும் முன் முனையில் செம்பின் தடிப்பைப் பாருங்கள். பல செட்டுகளில் வெளி உறை தடிப்பாகவும் உள்ளே செம்பு நூல் போலவும் இருக்கும்.

பட்டரியில் பொடியோடு சேர்ந்திருக்கும் முனையை முதலில் கழற்றுங்கள். பெரும்பாலும் அது நெகட்டிவ். மொரிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலக் கார்களில் பொசிட்டிவ் பொடியோடு இருக்கும். அவற்றின் டைனமோவும் மெல்ல ஓடும்போது சார்ஜ் செய்யாது. அந்தக் கார்களுக்கு இந்த வேலையைத் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

ரிலேயின் அடியில் இலக்கங்கள் இருக்கும். 30 மின்சாரம் வரும் கால். 87 லைட்டுக்குப் போகும் கால். 85உம் 86உம் உள்ளே இருக்கும் சுருளின் இரு முனைகள். ஐந்து கால் ரிலேயில் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும், ரிலே ஓய்வில் இருக்கும்போது அதில் மின்சாரம் இருக்கும். அதில் தவறி மாட்டினால் சுவிட்சை அணைக்கும்போது லைட் எரியும், போடும்போது அணையும். இதனால்தான் நான்கு கால் ரிலே வாங்கச் சொல்கிறோம்.

பட்டரி பொசிட்டிவிலிருந்து இரண்டு தனித்தனி வயர், ஒவ்வொன்றிலும் பட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஒரு 20 ஆம்பியர் பியூஸ். ஒன்று டிப் ரிலேயின் 30க்கு, மற்றது ஹை பீம் ரிலேயின் 30க்கு. ஒரே பியூஸில் இரண்டையும் போட்டுச் சிக்கனம் பிடிக்காதீர்கள். முடக்கு ஒன்றின் நடுவில் அந்தப் பியூஸ் போனால் முன்னால் எதுவுமே தெரியாது. டிப் ரிலேயின் 87இலிருந்து இரு பக்க ஹோல்டர்களின் டிப் காலுக்கும், ஹை ரிலேயின் 87இலிருந்து ஹை காலுக்கும் 2.5 வயர். ஹோல்டரின் பொதுக் காலிலிருந்து அதே தடிப்பில் எர்த், தேய்த்துச் சுத்தமாக்கிய தகட்டுக்கு அல்லது நேரே பட்டரி நெகட்டிவுக்கு.

இனி கட்டளை வயர். இதில்தான் ஜப்பான் கார்களில் பலர் சிக்குகிறார்கள். பழைய கனெக்டர்களை இரு பக்கப் பல்புகளிலிருந்தும் இழுத்து, பட்டரி முனையைச் சோதனைக்கு மட்டும் மாட்டி, லைட்டைப் போட்டு, மீட்டரின் கறுப்பைப் பட்டரி நெகட்டிவில் வைத்து ஒரு கனெக்டரின் மூன்று கால்களையும் சோதியுங்கள். டிப்பிலிருந்து ஹைக்கு மாற்றும்போது 12 வோல்ட் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குத் தாவினால், சுவிட்ச் பொசிட்டிவ் பக்கம். எப்படி மாற்றினாலும் 12 வோல்ட் ஒரே காலில் நின்றால், சுவிட்ச் எர்த் பக்கம். டொயோட்டாக்களில் இது சகஜம். இரண்டு வகைக்கும் ஒரே வழி போதும்: டிப் ரிலேயின் 85, 86ஐப் பழைய கனெக்டரின் பொதுக் காலுக்கும் டிப் காலுக்கும் இடையில் இணையுங்கள். ஹை ரிலேயின் 85, 86ஐப் பொதுக் காலுக்கும் ஹை காலுக்கும் இடையில். புதிய ஹோல்டர்களின் எர்த் மட்டும் எப்போதும் உண்மையான எர்த்துக்கே போக வேண்டும், பழைய பொதுக் காலுக்குப் போகக் கூடாது. உள்ளே டயோட் உள்ள ரிலே இந்த வேலைக்கு வேண்டாம்.

ஒரு பக்கத்துப் பழைய கனெக்டர் மட்டுமே கட்டளைக்குத் தேவை. மற்றப் பக்கத்தை டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

எர்த் பக்கம் சுவிட்ச் உள்ள சில கார்களில், டேஷ்போர்டின் நீல ஹை பீம் விளக்கு எரியாமல் போகலாம். ஹையில் போட்ட பிறகும் டிப் ரிலே விடாமல் பிடித்திருக்கவும்கூடும். அந்தச் சின்ன விளக்கின் மின்சாரம் முன்பு பல்பின் இழை வழியாகப் போனது, இப்போது ரிலேச் சுருள் வழியாகப் போகிறது, அதனால்தான். நீல விளக்கின் வயரைப் பிரித்துத் தனியாகக் கொடுக்க வேண்டும். புதியவர் என்றால் இந்த ஒரு வேலையை மட்டும் கராஜில் செய்வியுங்கள்.

ரிலேக்களைக் கால்கள் கீழ் நோக்கியிருக்கும்படி, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் மாட்டுங்கள். முடித்ததும் கால் மணி நேரம் லைட்டை எரியவிட்டு, எல்லா இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் இணைப்பு சரியாக அழுத்தப்படாத இணைப்பு. பிறகு பல்பில் மறுபடி வோல்ட் அளங்கள், 13க்கு மேல் வந்திருக்க வேண்டும்.

திசை வைத்தல்

இதைச் செய்யாவிட்டால் இதுவரை செய்ததெல்லாம் எதிரே வரும் கொழுந்து லொறிக்காரரின் கண்ணில் போய் விழும்.

மலைநாட்டில் மட்டமான இடம் கிடைப்பது அரிது. ஆனால் மட்டம் தேவையில்லை, ஒரே தளம்தான் தேவை. கார் நிற்கும் தரையும் சுவரடியும் மேடுபள்ளமின்றி ஒரே சரிவில் தொடர்ந்தால் போதும். பாடசாலை முற்றம், கோயில் வாசல், ஸ்டோர் முன்பக்கம் எதுவானாலும் சரி. டயர் காற்றைச் சரிபாருங்கள், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். சுவரிலிருந்து லைட் 5 மீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். தரையிலிருந்து பல்பின் நடுவரை அளந்து, அதே உயரத்தைச் சுவரில் டேப்பால் குறியுங்கள். அதற்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. ஒரு லைட்டைத் துணியால் மூடி மற்றதை டிப்பில் போட்டால், வெளிச்சத்தின் மேல் விளிம்பு வலப்பக்கம் தட்டையாகவும் இடப்பக்கம் மேலேறியும் தெரியும். தட்டையான பகுதி கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும், மேலேறத் தொடங்கும் முனை அந்த லைட்டின் நேர் எதிரே இருக்க வேண்டும். பின்புறத் திருகுகளைக் கால் சுற்றாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள். பின்னால் மரக்கறி மூட்டை ஏற்றும் வேன் என்றால் வழக்கமான பாரத்தோடு வைத்துப் பாருங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் லைட் வானத்தைப் பார்க்கும்.

எல்ஈடி, 100 வாட், பனிமூட்டம்

ஹலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்ஈடி பல்ப் போட்டால் வெளிச்சம் அதிகம் போலத் தோன்றும், ஏனென்றால் காருக்கு முன்னால் பத்து மீட்டர் வெள்ளையாகிவிடும். தூரத்து முடக்கு இன்னும் இருட்டாகவே இருக்கும், எதிரே வருபவருக்குக் கண் கூசும். 100/90 வாட் பல்ப் பழைய வயரில் வோல்ட்டை இன்னும் கீழே இழுக்கும், பிளாஸ்டிக் ஹோல்டரை உருக்கும், ரிஃப்ளெக்டரைக் கருக்கும்.

ரம்பொடைக்கு மேலே பனிமூட்டம் இறங்கினால் ஹை பீமை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு நீர்த்துளியும் வெளிச்சத்தை உங்கள் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். டிப் மட்டும் போதும். மூடுபனி விளக்கு மாட்டுவதானால் பம்பருக்குக் கீழே, எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக.

காருக்குள் ஒரு எச்4 பல்பும் இரண்டு 20 ஆம்பியர் பியூஸும் எப்போதும் இருக்கட்டும். இரண்டு ரிலேயும் ஒரே வகை என்பதால் தனியாக ரிலே வாங்கி வைக்காவிட்டாலும் பரவாயில்லை. வழியில் டிப் ரிலே கெட்டால், ஹை ரிலேயைப் பிடுங்கி அதன் இடத்தில் செருகி வீடு வந்து சேரலாம்.